வெளியேறிய நேரம்

தொட்டியின் வாய்க்கு வெளியே நிற்பது என் வேலை.
ஒரு பலகை, பேனா, டார்ச், வாக்கி.
உள்ளே போகிறவன் பெயர், போன நேரம், வந்த நேரம்.
மூன்று கட்டம் நிரப்ப
ஜுபைலில் மாதம் ஆயிரத்து நானூறு ரியால்.

சட்டம் ஒன்றுதான்:
உள்ளே எவன் விழுந்தாலும்
நீ இறங்கக் கூடாது.
விழுந்தவனைத் தூக்கப் போனவன்,
அவனைத் தூக்கப் போனவன் என்று
ஒரே குழியில் மூன்று பிணம் எடுத்த கதையைப்
படம் போட்டுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

அந்த வாயுவுக்கு முதலில் அழுகிய முட்டை நாற்றம்.
கூடினால் நாற்றம் நின்றுவிடும்.
மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.
காற்று நல்லாயிருச்சு என்று நினைத்துக்கொண்டே
மனிதன் மடங்குவான்.

பிரைட்சன், ஊர் கருங்கல்.
உள்ளே 9.40.
குனிந்து நுழைகையில்
"மத்தியானம் மெஸ்ல மீனாம், சீக்கிரம் முடிச்சிருவேன்" என்றான்.
9.52க்கு என் டார்ச் வெளிச்சத்தில்
அவன் முட்டி போட்டது தெரிந்தது,
ஜெபிக்கிறவன் மாதிரி.
பிறகு பக்கவாட்டில்.

கத்தினேன். வாக்கியிலும் கத்தினேன்.
கயிறு உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது, இழுத்தும் வரவில்லை.
முகமூடிக்காரர்கள் வரப் பதினோரு நிமிடம்.
அத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.
சட்டப்படி.

விசாரணை முடிந்து சேஃப்டி அதிகாரி தோளைத் தட்டினார்.
நீ செய்தது சரி, இன்னொரு உயிர் மிச்சம் என்றார்.
பாராட்டிதழ் தந்தார்கள், லேமினேட் செய்து.

வெள்ளிக்கிழமை, அறை பதினேழு.
கதவிடுக்கில் துண்டை அடைத்து
ஏசியின் இரைச்சலுக்கு அடியில் பாடுகிற சபை எங்களுடையது.
ஸ்டோர் கீப்பர் தாசையா அண்ணன் ஜெபத்தைத் தொடங்கினார்:
எல்லாவற்றையும் காண்கிற தகப்பனே...
அந்தச் சொல்லில் எழுந்துவிட்டேன்.
காண்பதைப் பற்றி எனக்குச் சொல்லாதீங்க அண்ணே.
கண்டவன் நான்.
அது பெரிய காரியமில்லை.

மனுஷனுக்குக் கொடுத்த சுதந்திரம் என்றார் ஒருவர்.
வால்வை ஒழுங்காய் அடைக்காதவனுக்குச் சுதந்திரம், சரி.
அதற்குப் பிரைட்சனின் நுரையீரல் ஏன் விலை?
நம்மைப் புடமிடுகிறார் என்று மூலையிலிருந்து ஒரு குரல்.
யாரைப் பொன்னாக்க யாரைச் சுட்டது?
தாசையா அண்ணன் மட்டும்
கண்ணைத் திறக்காமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

லாண்டிரி வின்சிலாஸ் அதுவரை பேசவில்லை.
"அவன் ஓவராலைத் தொவச்சது நான்தான்.
முட்டிக் கறை போகல" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அவரு வெளிய நின்னாருன்னு யார் சொன்னா?
சட்டத்த மீறி உள்ள எறங்குனாரு தம்பி.
முகமூடி இல்லாம.
அங்கயே செத்தாரு."

அப்போ வாயில் நின்றது யார் என்றேன்.
உள்ளே கிடந்த மகன் உயிர் போகக் கூப்பிட்டபோது
மேலே நின்று பார்த்தது யார்?

ஏசி மட்டும் ஓடியது.
வின்சிலாஸ் தரைவிரிப்பில் நூல் ஒன்றைப் பிடுங்கினார்.
"எனக்கும் தெரியாது.
உன்ன ரெண்டு மாசமா பாக்கேன்.
வெளிய நின்னவன்
பொழச்ச மாதிரி எனக்குத் தெரியல."

அது பதிலா, பதில் இல்லையா,
இந்த நிமிடம் வரை முடிவு செய்யவில்லை.
யாரோ பாட்டை எடுத்தார்கள். நான் பாடவில்லை.
ஆனால் கதவிடுக்கில் துண்டு நழுவியபோது
எழுந்துபோய் அடைத்தவன் நான்தான்.

அந்தத் தாளின் நகல் என் பெட்டியில் இருக்கிறது.
பிரைட்சனுக்கு நேரே வந்த நேரம்: காலி.
10.03 என்று எழுதச் சொன்னார்கள்.
உடல் வந்த நேரம் சார் அது,
அவன் இன்னும் வரலையே என்றேன்.
எழுதவில்லை.
ஒரே ஒருவருக்கு, மூன்றாம் நாள் விடியலில்,
அந்தக் கட்டம் நிரம்பியதாக என் சபை நம்புகிறது.
அதனால்தானோ என்னவோ
கோடு கிழித்து அடைக்கவும் எனக்குக் கை வரவில்லை.

இப்போது வேறு தொட்டி, வேறு ஆட்கள்.
நுழைகிறவனை நிறுத்தி முழுப்பெயர் கேட்கிறேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை,
ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்,
அப்பா பெயரையும் சேர்த்து.